உரிமையாளர் இல்லாத பூட்டு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது.

"தம்பி, அலாரம் அடிச்சிருச்சு!" என்று கத்தினார் அண்ணி. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நான் செருப்பைத் தேடினேன். மறுமுனையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. அதிலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். முடிவு தெரிந்தால் தொடக்கம் சுலபம் என்பார்கள். சொல்பவர்கள் எழுதிப் பார்த்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக்கு அப்பால் மழை பெய்த அந்த மாலையில், தனிமையில் ஒரு பெண்..."

அடித்துவிட்டேன். அண்ணி வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குச் சன்னலே கிடையாது. படித்துக்காட்டியபோது அண்ணி கேட்டார்: "மழையா? ஏசி ஒழுகினதைச் சொல்றியா?"

இரண்டாவது, உள்ளது உள்ளபடி: குறைமாதக் குழந்தைகளைப் படுக்கவைக்கும் கதகதப்புப் பெட்டிக்கு என் அண்ணி கெர்னல்* எழுதுகிறார். குழந்தைக்கு மூச்சு நின்றால் பெட்டி உடனே அலாரம் அடிக்க வேண்டும். சோதனையில், ரப்பர் பொம்மையின் மூச்சை நிறுத்தியபோது, எப்போதாவது ஒருமுறை அது தாமதமாக அடித்தது. பெட்டி மருத்துவமனைக்குப் போக அண்ணியின் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்றுவிட்டார்.

* இயந்திரத்துக்குள் எந்த வேலை இப்போது ஓடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று முறைவைக்கும் நிரல். (எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இப்படி ஒன்று இல்லை.)

3

மேலாளர் வருகிறார். முதல் வரைவில் பக்கம் பக்கமாகப் பேசினார். வெட்டியது போக மிச்சம்:

"அலாரத்துக்கு இன்னும் முன்னுரிமை குடுங்க மேடம்."

"ஏற்கெனவே அதுதான் சார் முதல்ல நிக்குது. முதல் ஆளுக்கும் முன்னாடி எங்க நிக்க வைக்கிறது?"

"அப்போ தினமும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிருவோம்."

"எதை? குழந்தையையா?"

(அவர் கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.)

4

இங்கே கதை நின்றுவிட்டது. அண்ணி எப்படிக் கண்டுபிடித்தார்? "சட்டென்று அவர் மனதில் ஒரு மின்னல்" என்று எழுதி...

"மின்னலும் இல்ல, மத்தாப்பும் இல்ல," என்றார் அண்ணி. "காத்துக்கிட்டு இருக்கிறவனையே பாத்துக்கிட்டு இருந்தோம். பூட்டு யார் கையிலன்னு ஒருத்தரும் கேக்கல."

புரிந்தவரை சொல்கிறேன். மூச்சின் அளவுகள் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கின்றன. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் அவற்றைத் தொடாமலிருக்க ஒரு பூட்டு; தொடும் வேலை முதலில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்; முடித்ததும் விட வேண்டும். கடைசி வரிசையில் நிற்கும் வேலை, பழைய அளவுகளைப் பதிவு செய்வது. அது பூட்டை எடுத்த நொடியில், நடு வரிசையில் நிற்கும் வேலை, அதாவது திரையில் படம் வரைவது, "தள்ளு" என்று அதை ஓரங்கட்டிவிட்டு நிதானமாக வரைகிறது. அதற்குப் பூட்டே தேவையில்லை. எல்லோருக்கும் முந்திய அலாரமோ, ஓரங்கட்டப்பட்டவனிடம் மாட்டிக்கொண்ட பூட்டுக்காக நிற்கிறது.

வழி இருக்கிறது. பூட்டை வைத்திருப்பவனுக்கு, அதை விடும்வரை, காத்திருப்பவனின் அவசரத்தை இரவல் கொடுக்கலாம். ஆனால் இவர்கள் பயன்படுத்திய பூட்டு, தன்னை எடுத்தது யார் என்று குறித்துக்கொள்ளாத வகை. பெயர் தெரியாதவனுக்கு யார் இரவல் கொடுப்பது?

(என் வரைவிலும் மேலாளர்தான் நடுவில் புகுந்து பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்பது இதை எழுதும்போதுதான் உறைத்தது.)

5

அண்ணி பூட்டை மாற்றினார். இது உரிமையாளரைக் குறித்துக்கொள்ளும் வகை. பொம்மையின் மூச்சை நிறுத்தினார்கள். அலாரம். மறுபடி. அலாரம். திரையில் வேண்டுமென்றே படங்களைக் குவித்துவிட்டு மறுபடி. அலாரம்!

அடுத்த அறைக் கணக்காளர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "யாராவது அதை நிறுத்துங்களேன்!"

"கொஞ்ச நேரம் கத்தட்டும் சார்," என்றார் மேலாளர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

6

முடிவு அ: அண்ணி கையெழுத்திட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல்கூடத் தூங்குகிறார்.

முடிவு ஆ: மருத்துவமனையில் ஒரு நாள் அலாரம் மீண்டும்...

"அதை எழுதாதே," என்றார் அண்ணி. அதட்டல் இல்லை, நிம்மதிதான். "இதுக்கு முன்னாடின்னா நானும் பயந்திருப்பேன். இப்போ அது ஏன் நடக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்போ 'அ'வை வச்சுக்கட்டுமா அண்ணி?"

"நான் கையெழுத்துப் போட்டதை வச்சு யாரும் நம்ப வேணாம். எல்லாத்தையும் சொல்லிட்டே இல்ல? படிக்கிறவங்களையே கேளு. அவங்க குழந்தையை அதுல படுக்க வைப்பாங்களா?"

கேட்கிறேன். பெட்டி கதகதப்பாக இருக்கிறது, மூடி திறந்திருக்கிறது.