காளியாயி பேரில் எட்டு மாதம்

1

இந்தக் கதை ஒரு ஆஸ்பத்திரி பில்லிலிருந்து வந்தது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸ் மேசையில் அதைப் பார்த்தேன். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: மிளகுக்கொடிகளின் மேல் பனி மெல்ல

(அடித்துவிட்டேன். பனியில் மிளகு பறித்தவளுக்கு விரல் மரத்துப்போகும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.)

2

எஸ்டேட் ரைட்டர் ஜீவானந்தம்தான் காலையில் பேர் கூப்பிடுகிறவர், எல்லாருக்கும் பி.எப். கட்டுகிறவர். போன ஆனியில் காளியாயி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. ஆள் படுத்தால் வேலை கைவிட்டுப் போகாமலிருக்க வீட்டிலிருந்து இன்னொருத்தி அதே பேரில் வருவது அங்கே வழக்கம். ஓரகத்தி வெண்ணிலா வந்தாள். "காளியாயி" என்று கூப்பிட்டால் வெண்ணிலா கை தூக்குவாள். கூலி அவள் கைக்கு. அதில் பிடித்த பி.எப். காளியாயி கணக்குக்கு. ஜீவானந்தத்துக்கு அது தப்பென்று தோன்றியதே இல்லை.

3

மார்ச் கடைசியில் வரிக்கணக்கு முடிக்க வந்த ஆடிட்டருக்குத் தோன்றியது. எஸ்டேட் செலவில் காட்டிய ஆஸ்பத்திரி பில்லையும் பி.எப். பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படுத்துக் கிடந்தவள் எப்படி மிளகு பறித்தாள்? ஜீவானந்தத்திடம் ஒரு படிவம் கொடுத்து, காரணம் எழுதித் திருத்தச் சொன்னார்.

திருத்தினால் எட்டு மாதக் கணக்கு வெண்ணிலாவுக்குப் போகும். காளியாயிக்கு அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு வயது; அதற்கு மேல் வேலை செய்தாலும் பென்ஷன் கணக்கில் சேராது. அந்த எட்டையும் சேர்த்தால்தான் பி.எப். கட்டியது பத்து வருடம் நிறையும். நிறையாவிட்டால் பென்ஷன் இல்லை.

4

ஜீவானந்தம் இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"இடுப்பும் போச்சு, இப்ப பென்ஷனுமுங்களா?" என்றாள் காளியாயி. பிறகு ஓரகத்தி பக்கம் திரும்பினாள். "எம் பேரு இல்லாட்டி உன்னய கேட்டுக்குள்ள உட்டிருப்பாங்களா?"

"அக்கா பேருக்குக் கை தூக்கித் தூக்கி எம் பேரே மறந்துபோச்சுங்க ரைட்டரே," என்றாள் வெண்ணிலா. "ஆனா சொமந்தது எந் தலைங்க. எனக்கும் வயசாகுமுங்க."

5

முதல் பிரதியில் வெண்ணிலா விட்டுக்கொடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. எட்டு மாதம் மூட்டை சுமந்தது நானில்லை, அதனால் சுலபமாக வந்தது. கிழித்தேன்.

இரண்டாவதில் ஜீவானந்தம் தன் கைக்காசைப் போட்டு

(எந்த ரைட்டர் போட்டிருக்கிறார்? தவிர, காசு போட்டால் காசு வரும், வருடம் வராது.)

மூன்றாவதில் உண்மையை எழுதினார். ஆள் மாற்றிப் பேர் எழுதியதற்கு அவர் வேலை போனது; காளியாயிக்குப் பென்ஷனும் போனது. அதை முடிவு என்று வைக்க எனக்குக் கை வரவில்லை.

6

படிவம் இன்னும் ஜீவானந்தம் மேசையில் இருக்கிறது. காரணம் எழுத ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் சரி, காலை ஆறரைக்குப் பேர் கூப்பிட வேண்டியது நீங்கள்தான். இரண்டு பேரும் எதிரே நிற்பார்கள்.

காரணம்: ...............................