துணை நிற்கும் பயிற்சி

பெண்கள் பிரிவில் பொழுது புலர்வதற்கு முன்பே வெந்நீர் கொதித்துவிடும். அண்டாவின் இரு காதுகளையும் ஈரத்துணியால் பற்றி, ஃபினாயில் வாடை வீசும் வழுக்குத் தரையில் குளியலறை வரை நகர்த்திச் செல்வதற்குள் பணியாளர் செல்வகுமாரிக்குத் தோள்பட்டை இற்றுப்போகும். வளையலைக் கழற்றி வைத்து, தாலியை ரவிக்கைக்குள் செருகி, கொண்டையை இறுக முடிந்துகொண்டுதான் அங்கே நுழைய வேண்டும்.

பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்தின் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே அமைந்த அந்த அரசு மனநல மருத்துவமனையில், ஒரு நோயாளியைக் குளிப்பாட்டுவது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருத்தி தண்ணீரை முதலில் தன் கையில் ஊற்றிக் காட்டுவாள். பின்னர் நோயாளியின் பாதத்தில், முழங்காலில், முதுகில் என்று மெல்ல ஏற்றுவாள். மற்றவள் பின்னால் நின்று தோளை அணைத்தபடி பேச்சுக் கொடுப்பாள். தலையில் தண்ணீர் விழும்போது சிலருக்கு மூச்சு முட்டும் பயம் வரும். அந்த நொடியில் பின்னால் ஒரு கை இல்லாமல் முடியாது.

இப்போது அந்தக் கை இல்லை. விடியற்காலை வேலை முறைக்கு ஒருத்தர் போதும் என்று, பணியாளர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஆளைக் குறைத்தார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் டாக்டர் விஜயராஜ் அதற்குப் பெருந்தன்மையோடு இசைந்தார். அடுத்த வாரமே, செல்வகுமாரியோடு வேலை பார்த்த வனஜா தனியாகத் தையலம்மாள் என்ற நோயாளியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வாளி சரிந்தது. சத்தத்தில் மிரண்ட தையலம்மாள் வனஜாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, இருவரும் விழுந்தார்கள். நோயாளிக்குக் கீறல்கூட இல்லை. அவருக்கு அடியில் விழுந்த வனஜாவின் மணிக்கட்டு முறிந்தது.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பாக்யராஜ், அது அவளுடைய கவனக்குறைவு என்றும், இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டான்.

செல்வகுமாரியும் ஆண்கள் பிரிவுத் தங்கவேலுவும் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார்கள். வனஜாவுக்கு வேலையைத் திரும்பக் கொடுங்கள், பழையபடி இரண்டு பேரைப் போடுங்கள் என்று கேட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்வதில் அவருக்கு இணையில்லை என்பதை இங்கே மரியாதையுடன் பதிவு செய்தாக வேண்டும்.

"ஒருத்தர் போதும்மா. மனசு தெளிவா இருந்தா ஒருத்தரே பத்துப் பேருக்குச் சமம். உங்களுக்கெல்லாம் மன அழுத்தம். அதுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த புதன்கிழமை கூட்ட அறையில் 'தலைமை ஏற்போம், துணை நிற்போம்' என்று பதாகை தொங்கியது. அதில் எழுத்துகளைவிட அவருடைய புன்னகை பெரிதாக இருந்தது. நகரத்திலிருந்து பயிற்சியாளர் அம்மையார் ஒருவர் வந்திருந்தார். புகைப்படத்தில் கூட்டம் தெரிய வேண்டும் என்பதால், பிரிவுக்கு ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை எல்லாம் பாக்யராஜ் ஓட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தான்.

அம்மையார் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, அவரவர் துயரத்தை அதற்குள் ஊதி உடைக்கச் சொன்னார். பலூன்கள் படபடவென்று வெடித்தன. சுவருக்கு அப்பால் பெண்கள் பிரிவில் யாரோ வீறிட்டு அழத் தொடங்கினார்கள். செல்வகுமாரி எழுந்தாள். பாக்யராஜ் கண்ணாலேயே அவளை உட்கார வைத்தான். பிறகு எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்றார் அம்மையார். கண்காணிப்பாளர் சிரித்தார். பாக்யராஜ் அவரைவிடச் சற்றுக் குறைவாக, அளவறிந்து சிரித்தான். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஒரு விளையாட்டு. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வாராம்; அவருடைய குழு அவரைத் தாங்கிப் பிடிக்குமாம். கண்காணிப்பாளர் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, கண்களை மூடி, ஒரு மகானைப் போல நின்றார். நாலு பேர் வரும்படி அம்மையார் அழைத்தார்.

செல்வகுமாரி மட்டும் போய் அவர் பின்னால் நின்றாள்.

"இன்னும் மூணு பேர் வேணும்மா. தவறி விழுந்தா சாருக்கு முதுகு என்ன ஆகறது?"

"வேணாங்க மேடம். ஒருத்தர் போதும்னு சார்தான் சொல்லியிருக்காரு."

கண்காணிப்பாளரின் கண்கள் திறந்தன.

"சாயுங்க சார்" என்றாள் அவள். "நான் ஒருத்தி இருக்கேன் இல்ல? எம்மனசு தெளிவாத்தான் கீது."

அவர் சாயவில்லை. திரும்பி அவளுடைய மெலிந்த கைகளைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சமையல்கட்டு ஜெயசித்ராதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அறை முழுவதும் சிரித்தது. அம்மையார் விரும்பிய சிரிப்பு அதுவாக இருந்திருக்காது.

வாசலிலேயே பாக்யராஜ் வழிமறித்தான். "நாளையிலிருந்து நீயும் வராத. நீயும் அந்த வனஜாவும் வூட்ல உக்காந்து பேசிச் சிரிங்க."

"ஏம்பா, அவள மட்டும் ஏன் சொல்ற?" என்றார் தங்கவேலு. "சிரிச்சது நாங்க."

அன்று மாலை வேலை முடிந்ததும் எல்லோரும் பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசினார்கள். உள்ளே இருப்பவர்களைத் தவிக்க விட்டுவிடக் கூடாது என்பதில் மட்டும் ஒருவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. சோறும் மருந்தும் துணையும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஆகவே இரவு முறைக்காரர்கள் வெளியே வராமல் நோயாளிகளோடு தொடர்ந்து இருப்பது, பகல் முறைக்காரர்கள் வனஜாவையும் செல்வகுமாரியையும் சேர்த்துக்கொள்ளும்வரை உள்ளே போகாமல் இருப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியலில் பகல் முறைக்காரர்கள் அத்தனை பேரும் வாயிற்கதவின் முன்னால் நின்றார்கள். மாவுக்கட்டுக் கையோடு வந்திருந்த வனஜா, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போயிடறேன்க்கா. என்னால இத்தினி பேருக்கும் வேலை போவப் போவுது."

"கம்முனு நில்லுடி" என்றாள் செல்வகுமாரி. "போனா எல்லாருக்கும் போவட்டும். தனியா போனாத்தான் கேக்க நாதியில்ல."

கண்காணிப்பாளரின் கார் வந்தது. ஒலிப்பான் அலறியது. கூட்டம் விலகவில்லை, ஒருவரோடொருவர் தோள் உரச நெருங்கிக்கொண்டது. கண்ணாடியை இறக்கிய டாக்டர், காவல்துறைக்குச் சொல்லிவிடுவதாகவும், இன்றைக்கே புது ஆட்களை எடுத்துவிடுவதாகவும், அவர்களைத் தன் குடும்பமாக நினைத்ததற்கு இதுதானா கைம்மாறு என்றும் வரிசையாகப் பேசினார். கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. அவருக்குப் பொறுமை தீர்ந்தது.

"வீரப்பா, ஹாரன் அடிச்சிக்கிட்டே உள்ளே வுடு. தானா நகருவாங்க."

ஓட்டுநர் வீரப்பனும் அதே ஒப்பந்தக்காரரின் ஆள்தான். அவர் எதிரே நின்ற முகங்களைப் பார்த்தார். வனஜாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். ஒலிப்பானிலிருந்து கையை எடுத்து, இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து கீழே இறங்கினார்.

"கார் இதுக்கு மேல போவாதுங்க சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நடந்து வந்து தங்கவேலுவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.