நுரையைக் குடித்த கார்

"குமிழி வருதா?"

"வரலை சித்தப்பா."

"கண்ணைத் திறந்து பாரு. குமிழி வராம எங்க போகும்?"

"ரெண்டு கண்ணும் திறந்துதான் இருக்கு. பேருக்குக்கூட ஒரு குமிழி இல்லை."

"அப்போ சோப்பு பத்தலை. இன்னும் கொஞ்சம் குழை."

குழைத்தேன். காலையிலிருந்து இது மூன்றாவது வாளி. சித்தப்பா தன் முகச்சவர பிரஷ்ஷை அதில் முக்கி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ரப்பர் குழாய்களுக்கு ஒவ்வொன்றாக நுரை பூசினார். அவ்வளவு பக்குவமாக அவர் தன் முகத்துக்கே பூசி நான் பார்த்ததில்லை.

சித்தப்பா பஞ்சர் கடை வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் எதிலிருந்து காற்று போனாலும் சோப்புத் தண்ணீர்தான் வைத்தியம். பந்து, காற்றுத் தலையணை, கேஸ் அடுப்பின் குழாய் எல்லாம் அந்த நுரையில் குளித்தவைதான். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. இருபத்தாறு வருடங்களாக அவரை ஏமாற்றிய ஓட்டை ஒன்றுகூடக் கிடையாது.

அக்கா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, ஆக்சிலரேட்டரைக் கால் கட்டைவிரல் நுனியால் அழுத்தியபடி இருந்தாள். அந்த நுனி விலகினால் போதும். கார் இரண்டு முறை விக்கும், ஒரு முறை குலுங்கும், செத்துப்போகும். ஓட்டுநர் தேர்வில் நிறுத்தக் கோட்டருகே அது இப்படித்தான் இரண்டு தடவை செத்து, அக்காவை இரண்டு தடவையும் தோற்கடித்தது. மூன்றாவது தேர்வு இன்றைக்குப் பதினோரு மணிக்கு. இதையும் கோட்டைவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதிப்போட முடியும். ஆனால் மாட்டு டாக்டரம்மா ஆறு மாதம் காத்திருக்க மாட்டார். "திங்கக்கிழமை லைசென்ஸோட வந்தா என் வண்டிச் சாவி உனக்கு. இல்லாட்டி வேற ஆளு" என்று சொல்லிவிட்டார். பண்ணை பண்ணையாக மாடுகளைப் பார்க்க அவர் போகும் வண்டி அது. அதை ஓட்டும் வேலைக்காக அக்கா இரண்டு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

வேறு வண்டி எடுத்துப்போகலாமே என்று கேட்பீர்கள். சொந்த வண்டியில்தான் தேர்வு என்பது எங்கள் ஊர் அலுவலகத்தின் விதி. எங்களுக்குச் சொந்தம் இது ஒன்றுதான். அக்காவைவிட இதற்கு மூன்று வயது கூட.

வெளியூர் போயிருந்த மெக்கானிக் நேற்று போனில் சொன்னார்: "எஞ்சினுக்குள்ள எங்கேயோ திருட்டுக் காத்து போகுது. கார்புரேட்டர் பக்கத்துக் குழாயெல்லாம் பாருங்க." அதைக் கேட்டதும் சித்தப்பாவின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"காத்துன்னா அது நம்ம இலாகா" என்றார்.

அந்த இலாகாவில்தான் காலை ஆறரையிலிருந்து ஒரு குமிழியும் வரவில்லை.

"ஏங்க, மணி ஒன்பதே கால்!" சித்தி ஜன்னலிலிருந்து கத்தினாள். "காரைக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா பவுடர் போட்டு அனுப்புங்க!"

"இவ ஒருத்தி" என்று சித்தப்பா முனகினார். அப்போதுதான் கவனித்தேன். எஞ்சினின் பக்கவாட்டில் தடிமனான ஒரு குழாய். அதன் அடிப்பக்கத்தில் மட்டும் நுரை இல்லை.

"சித்தப்பா, இங்க பூசலையா?"

"முதல்ல பூசினதே அங்கதான்."

மறுபடி பூசினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை சுருங்கியது, குழிந்தது, காணாமல் போனது. டம்ளர் அடியிலிருக்கும் கடைசிச் சொட்டை ஸ்ட்ரா வைத்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் ஒரு நொடி விக்கலை நிறுத்தியது.

"யாரு, என்ன பண்ணீங்க?" அக்கா உள்ளிருந்து அலறினாள். "இப்ப ஒழுங்கா ஓடுச்சு! ஒரு நொடி, இல்ல, அரை நொடிதான், ஆனா ஓடுச்சு!"

சித்தப்பா ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்தார். எஞ்சின் சமர்த்தாகிவிட்டது. விரலை எடுத்தார். விக்கியது. வைத்தார். சமர்த்து.

"என் விரலைப் பிடிச்சு உறிஞ்சுதுடி!" அவர் குரல் கீச்சிட்டது. "கன்னுக்குட்டி மாதிரி!"

அக்கா சிரித்த சிரிப்பில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் நழுவியது. கார் சாகவில்லை. சித்தப்பாவின் விரல் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, டயர் காத்தை வெளிய விடும். எஞ்சின் காத்தை உள்ள இழுக்கும். அப்புறம் குமிழி எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன்.

அவர் விரலை எடுக்காமலேயே யோசித்தார். காது மடல் சிவந்தது.

"வெளிய போற காத்தையே பாத்துப் பழகிட்டேன்மா" என்றார். பிறகு, "வேணும்னா நான் இப்படியே பானெட்டுக்குள்ள உக்காந்து வர்றேன்."

"தேர்வு அதிகாரி கேட்டா?" என்றாள் அக்கா.

"உதிரிபாகம்னு சொல்லு."

எஞ்சினை அணைத்தோம். கிளிப்பைத் தளர்த்திக் குழாயின் முனையைக் கழற்றினால், அடியில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. இரண்டு விரல்கடை நீளத்தை அறுத்துப் போட்டுவிட்டு மீதியை மாட்டினால் எட்டுமா? சித்தப்பா அறுத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். எட்டவில்லை. வளைவைச் சற்று நேராக்கி மறுபடி இழுத்தார். மயிரிழையில் எட்டியது. மிச்சமிருந்த சோப்பில் கொஞ்சம் தடவினோம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கிளிப்பை இறுக்கினார்.

அக்கா சாவியைத் திருப்பினாள். கார் உறுமியது. உறுமியது என்றால், மேலே பறக்கப்போகிற மாதிரி. தெருவில் மூன்று ஜன்னல்கள் திறந்தன.

"ஐயோ, என்ன பண்ணிட்டேன்!" சித்தப்பா தலையில் கைவைத்தார். நுரை முடியெல்லாம் அப்பியது.

அக்கா திருப்புளியோடு குதித்து இறங்கினாள். "ஓட்டையைச் சமாளிக்க மெக்கானிக்கண்ணன் வேகத் திருகை ஏத்தி வச்சிருக்காரு. இப்பதான் ஓட்டை இல்லையே." கார்புரேட்டர் மேல் குனிந்து கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகைத் தளர்த்தினாள். உறுமல் முணுமுணுப்பானது. முணுமுணுப்பு மூச்சானது.

சித்தி வாசலுக்கு ஓடிவந்தாள். "என்னங்க, சத்தத்தையே காணோம்? நின்னே போச்சா?"

"ஓடுது சித்தி!" என்றேன்.

அவள் நம்பவில்லை. பானெட்டை மூடி, கையிலிருந்த தேநீர் டம்ளரை அதன்மேல் வைத்தாள். தேநீரில் ஒரு சிறு வட்டம்கூட எழவில்லை. நாங்கள் நால்வரும் அதைச் சுற்றி நின்று பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். சித்தப்பா என் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றினார். வாளி உருண்டு தெருவெல்லாம் வெள்ளை.

பதினோரு மணிக்குத் தேர்வு மைதானத்தின் கம்பிவேலியை ஒட்டி மூவரும் நின்றோம். நிறுத்தக் கோடு எங்களிடமிருந்து நாலே அடி. "மறுபடியும் இதே வண்டியா?" என்று அலுத்துக்கொண்டுதான் அதிகாரி ஏறியிருந்தார். அக்கா எட்டு போட்டாள். மேட்டில் ஏறினாள். பின்னோக்கி ஓட்டினாள். பிறகு கோட்டை நோக்கி வந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மிதித்தாள்.

சித்தி என் தோளைக் கிள்ளினாள். சித்தப்பா ஆள்காட்டி விரலை வேலிக்கம்பியில் அழுத்திக்கொண்டு நின்றார்.

கார் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.

அதிகாரி எதையோ எழுதினார். "சரி, போகலாம்மா."

அக்கா நகரவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்மேல், தலை சற்றே சாய்ந்து, காது எஞ்சின் பக்கம். திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் முகம் தெரிந்தது. சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடும் முகம். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது.

"போகலாம்னு சொன்னேன்."

"சார்," என்றாள் அக்கா, "தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் இங்கயே நின்னுக்கட்டுமா?"