கையை எடுக்கக் கூடாது

எடை பார்க்கும் மிஷினில் செல்வமாரி ஏறி நின்றதும் நீலச் சட்டைக்காரன் முள்ளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறச் சொன்னான். ஏறினாள். முள் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“மடியில ஒரு கல்ல வச்சு விடுங்க அண்ணாச்சி” என்றாள் சந்தனமாரி.

செல்வமாரியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய? ஒரு ஆளுக்கு உலை வைக்கிறவளுக்கு உடம்பில் சதை எங்கேயிருந்து ஒட்டும்? காலையில் பொங்குவதுதான் ராத்திரிக்கும். பாதி நாள் ராத்திரி பசிப்பதில்லை. பசித்தாலும் எழுந்து தட்டைக் கழுவச் சோம்பலாக இருக்கும். எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாத வீட்டில் சோறு தொண்டையில்தான் நிற்கிறது.

நீலச் சட்டைக்காரனின் பெயர் சஜி. அவன்தான் கைடு. “எடை தீரக் கம்மி, அம்மா. பாதி வழியில நின்னுபோகும். சாரமில்ல, பரவால்ல, பின்னால ஒரு கயிறு கட்டி விடாம், நின்னா இழுத்துக்கலாம்” என்றான் தமிழும் மலையாளமுமாக. மற்ற யாருக்கும் கயிறு கிடையாது. இவளுக்கு மட்டும் ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி.

உள்ளதைச் சொல்வதென்றால், இவர்கள் யாரும் கம்பியில் தொங்குவதற்காகக் கிளம்பி வந்தவர்கள் இல்லை. ஆனி மாதம் ஆபீஸில் ஒரு நாள் லீவு விட்டால் கோவில்பட்டிப் பக்கத்துச் சனம் வேறெங்கே போகும்? குற்றாலம்தான். நைட்டி, எண்ணெய்ப் பாட்டில், சீயக்காய், தூக்குவாளி நிறையப் புளியோதரை என்று கட்டி எடுத்துக்கொண்டு விடியும் முன்னே வேன் ஏறிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை என்று போலீஸ் மறித்து நிற்கிறது. வருஷம் பூராவும் தண்ணீர் இல்லையே என்று கிடக்கிற சனத்துக்கு, தண்ணீர் கூடிப்போனதால் குளிக்க வழியில்லை. இந்த வயிற்றெரிச்சலை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல? டிரைவர் மாரிராஜ்தான், செங்கோட்டை தாண்டி மலையாளத்துப் பக்கம் ஒரு இடம் இருக்கிறது, காட்டுக்குள் கம்பியில் தொங்கிக்கொண்டே அருவியைப் பார்க்கலாம், கூடவே கைடு வருவார் என்று ஆசை காட்டினான். “குளிக்கத்தான் விடல, கண்ணு குளிரப் பாத்துட்டாவது வருவம்” என்றாள் சொர்ணத்தாய். சொர்ணத்தாய் சொல்லிவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

சொர்ணத்தாய், செல்வமாரியின் புருஷன் பூவனலிங்கத்துக்கு அண்ணன் பெண்டாட்டி. பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே தீப்பெட்டி ஆபீஸ். சொர்ணத்தாய்க்கு ஒரே மகள், செல்வலட்சுமி. செல்வமாரிக்குப் பிள்ளை இல்லை. ஆகவே சொர்ணத்தாய் வேலைக்குப் போன காலமெல்லாம் செல்வலட்சுமி வளர்ந்தது செல்வமாரியின் இடுப்பில். அந்தப் பிள்ளைக்குத்தான் வருகிற ஆவணியில் கல்யாணம்.

ஊரில் குலவை என்றால் செல்வமாரிதான். வலது கையை வாயோரம் குவித்து நாக்கைச் சுழற்றினாள் என்றால் கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிறவனுக்குக் கேட்கும். முளைப்பாரி எடுக்கையில் அவள் முதலில் எடுப்பாள், பிறகுதான் மற்றவர்கள் தொடர்வார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் அவளைத்தான் தேடுவார்கள். அதெல்லாம் போக, போர் போட்ட குழியிலிருந்து முதல் தண்ணீர் பீறிட்டாலும் சரி, ஐப்பசியில் கண்மாய்க்குள் முதல் வெள்ளம் நுழைந்தாலும் சரி, தண்ணீரைக் கண்டால் குலவை போட்டு வரவேற்பது அந்தக் கரிசல்காட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம். ஊருக்கு வந்த விருந்தாளியை வாங்க என்று கூப்பிட மாட்டோமா, அந்த மாதிரி.

பூவனலிங்கம் லாரியில் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவளைக் குலவை போடாதே என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை. பொய் சொல்லக்கூடாது, யாரும் சொன்னதில்லை. ஆனால் “மாரி, நீ எடுத்து விடுட்டி” என்று சொல்வதை மட்டும் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தாற்போல நிறுத்திக்கொண்டார்கள். கூப்பிடாமல் எப்படிப் போடுவது? தாலியை இழந்தவள் தானாக வந்து முன்னால் நின்று வாயைத் திறந்தாள் என்ற பேர் வேண்டுமா?

போன மாதம் செல்வலட்சுமிக்கு நிச்சயம். தட்டு மாற்றப் போகிற நேரம். செல்வமாரி கதவோரமாக நின்றிருந்தாள். யாரும் கூப்பிடாவிட்டாலும் சொர்ணத்தாய் கூப்பிடுவாள் என்று ஒரு நப்பாசை. தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா. சொர்ணத்தாய் திரும்பிப் பார்த்தாள். “ஏட்டி மாரி, உள்ள போயி காப்பி கொதிக்கான்னு பாரு” என்றாள்.

காப்பியை அப்போதே இறக்கி மூடி வைத்தாகிவிட்டது. வைத்தவளே செல்வமாரிதான். இருந்தாலும் உள்ளே போனாள். அணைந்த அடுப்புக்கு முன்னால் நின்று, வெளியே சந்தனமாரி போட்ட குலவையைக் கேட்டாள். முட்டையிட்ட கோழி கேறுகிற மாதிரி அது ஒரு குலவை. செல்வமாரியின் நாக்கு வாய்க்குள் தானாகப் புரண்டது. பல்லைக் கடித்து அதை அடக்கிக்கொண்டாள்.

இப்போது எல்லோருக்கும் நைட்டிக்கு உள்ளே வாடகைக் கால்சட்டையும், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டுமாகக் காட்டுக்குள் நடை. இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை இறுக்கியிருந்ததால் எல்லோரும் அகட்டி அகட்டி நடந்தார்கள். வெளிச்சம் மேலேயே நின்றுகொண்டது. கீழே பகலிலேயே பொழுது சாய்ந்தது போலிருந்தது. மரங்களில் பாசி, பாசியில் தண்ணீர், நடக்கிற இடமெல்லாம் அட்டை. சஜி ஒவ்வொரு மரமாகத் தொட்டுக் காட்டி, இதெல்லாம் யாரும் நட்டு வைத்ததில்லை, மலை தோன்றின காலத்திலிருந்து தானாக வளர்ந்த காடு என்றான்.

“எங்க ஊர்லயும் தானா வளந்த காடு கெடக்கு, சீமக்கருவேலம்” என்றாள் சொர்ணத்தாய். சஜிக்குப் புரியவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் மேலே ஏதோ பறவை எழுந்து பறந்தது.

முதல் கம்பி ஒரு சின்ன ஓடைக்கு மேலே. எல்லோரும் சாமி பெயரைக் கத்திக்கொண்டே கடந்துவிட்டார்கள். இரண்டாவதுதான் பெரியது. இந்தப் பக்கப் பாறையில் ஒரு மரமேடை, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேடை. நடுவில் அருவி. மேடையிலிருந்து பார்த்தால் கம்பி போகும் வழி மட்டும்தான் தெரிந்தது, அருவியை மரங்கள் மறைத்திருந்தன. இரைச்சல் மட்டும் கேட்டது.

சஜி கண்டிப்பாகச் சொன்னான். “ரெண்டு கையும் இந்தப் பட்டையிலதான் வேணும். கையை எடுக்கக் கூடாது.” பிறகு செல்வமாரியைப் பார்த்து, “கயிறு உள்ளதுகொண்டு உங்களுக்கு ஒரு காரியம். பேடி, பயம் தோணினா ஒரு கையை மேல தூக்குங்க. நான் கயிறு பிடிச்சு நிறுத்தும். கையைத் தாழ்த்தினா மறுபடி விடும். கத்திட்டு பிரயோஜனமில்ல, வெள்ளத்தோட சத்தத்துல ஒண்ணும் கேக்காது.”

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். சொர்ணத்தாயின் முறை வந்தபோது அவளுடைய ஹெல்மெட் வார் நழுவிக் கிடந்தது. செல்வமாரி போய் அதை மாட்டிவிட்டாள். சொர்ணத்தாயின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸையே ஒரு அதட்டலில் அடக்குகிறவள்.

“பயமா இருக்கோக்கா?”

“பின்ன இருக்காதா? கல்யாணத்த வச்சுக்கிட்டு இங்கன வந்து தொங்குதேன் பாரு, எனக்குக் கிறுக்கு.”

செல்வமாரி வாரை இறுக்கினாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

“அக்கா, பந்தக்கால் ஊனுத அன்னைக்கி…”

“அன்னைக்கி தலைக்கு மேல சோலி கெடக்கு. சமையக்கட்ட நீதான் பாத்துக்கிடணும். ஒன்ன விட்டா எனக்கு ஆரு இருக்கா?”

“அதுக்கில்ல…”

சொர்ணத்தாய் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். விளங்கிவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. “மாப்ள வீட்டுக்காரவிய ஒரு மாதிரிட்டி. வாழப் போற பிள்ள. எனக்கு மட்டும் ஆச இல்லையா…” என்றாள். சஜி கொக்கியை மாட்டினான். ஐயோ என்ற சத்தம் மரங்களுக்குள் தேய்ந்துகொண்டே போனது.

சொர்ணத்தாய் கெட்டவள் இல்லை. கொழுந்தன் செத்த அன்றைக்குப் பெற்ற தாயைவிடக் கூடுதலாக அழுதவள் அவள்தான். பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகும் செல்வமாரியின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவளும் அவள்தான். அவளைத் திட்டித் தீர்க்க ஒரு காரணம் இருந்தாலாவது மனசு லேசாகும். அதுவும் இல்லை. இதுதான் செல்வமாரிக்குத் தாங்கவில்லை.

கடைசியில் மேடையில் சஜியும் அவளும்தான் மிச்சம். அவன் அவள் முதுகுப்பக்கம் கயிற்றை மாட்டினான்.

“வீட்டுல ஆரெல்லாம் உண்டு, அம்மா?”

அவள் அக்கரையைக் கையால் காட்டினாள். “எல்லாரும் அங்கன இருக்காவ” என்றாள்.

கால் மேடையை விட்டதும் வயிறு மட்டும் பின்தங்கிவிட்டது போலிருந்தது. பிறகு அதுவும் வந்து சேர்ந்துகொண்டது. இலைகள் முகத்துக்கு நேரே வந்து விலகிப் போயின. சஜி கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்ததால் அவள் மற்றவர்களைப் போலச் சீறிப் பாயாமல், மெதுவாக, சப்பரத்தில் வைத்துக் கொண்டுபோவது போலப் போனாள். பயமே இல்லை. கீழே விழுந்தால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்ததில் பதற்றமும் இல்லை.

மரங்கள் முடிந்தன.

காலுக்குக் கீழே தண்ணீர். மலை உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று விழுந்து, பாறையில் மோதி, புகையாக எழுந்து, மறுபடி விழுந்து போய்க்கொண்டே இருந்தது. எம்மாந் தண்ணீர்! அவள் ஊர்க் கண்மாயைப் பத்து நிமிஷ நேரத்தில் நிரப்பிவிடுகிற தண்ணீர். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் லாரிக்காகக் காத்துக் கிடந்த நாளெல்லாம் இது இங்கே இப்படித்தான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது, யாரும் வாங்க என்று சொல்ல ஆளில்லாமல். பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. அருவியைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவள் யோசித்துச் செய்யவில்லை. வலது கை பட்டையை விட்டுவிட்டு வாயோரம் போய்க் குவிந்தது. நாக்கு சுழன்றது. அத்தனை நாள் அடுப்படியிலும் கதவோரத்திலும் கடித்து வைத்த குலவை முழுவதும் ஒரே மூச்சில் கிளம்பி வந்தது. அவள் காதுக்கே அது கேட்கவில்லை, அருவி விழுங்கிக்கொண்டது. ஆனால் நெஞ்செலும்பு அதிர்ந்தது, பல் கூசியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூச்சு தீர்ந்ததும் இன்னொரு மூச்சு எடுத்துப் போட்டாள்.

வெடுக்கென்று முதுகில் ஒரு இழுப்பு. அவள் நின்றுவிட்டாள்.

ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பின்னாலிருந்து பார்த்த சஜிக்கு, பட்டையை விட்டுக் கை ஒன்று மேலே போனதுதான் தெரிந்திருக்கும். பயந்துவிட்டாள் என்று கயிற்றைப் பிடித்துவிட்டான். மூன்றாவது குலவை தொண்டையிலேயே நின்றுபோனது. அவள் அருவிக்கு நேர் மேலே, இரண்டு மேடைக்கும் நடுவில், லேசாக ஆடியபடி தொங்கினாள். திவலை பறந்து வந்து முகத்தை நனைத்தது. கடைசியில் குளித்துத்தான் விட்டோம் என்று சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

எதிர் மேடை இப்போது நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் ஹெல்மெட்டுகள் வரிசையாக. அதுவரை ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்காது. கேட்க வேண்டியதும் இல்லை. வாயோரம் குவிந்த கைக்கு என்ன அர்த்தம் என்று கரிசல் சீமைப் பெண்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

எல்லோருக்கும் முன்னால் நின்றது சொர்ணத்தாய். உடம்பைப் பார்த்தே தெரிந்தது. கல்யாணத்தை வைத்துக்கொண்டு இவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று நினைக்கிறாளோ? முகத்தைப் பார்க்க முடியவில்லை. புகை மாதிரித் திவலை குறுக்கே எழுந்துகொண்டே இருந்தது. சந்தனமாரி எதையோ சொல்லிச் சொர்ணத்தாயின் தோளைத் தொட்டாள். சொர்ணத்தாய் திரும்பவில்லை.

பிறகு சொர்ணத்தாயின் வலது கை மெல்ல எழுந்தது. வாய்க்குப் போனது. அடிப்பாவி என்று பதறி வாயைப் பொத்திக்கொண்டாளா, வாயோரம் குவித்தாளா? செல்வமாரி கண்ணை இறுக மூடித் திறந்து பார்த்தாள். திவலை மறைத்தது, விலகியது, மறைத்தது. காதைக் கூர்மையாக்கினாள். அருவிதான் கேட்டது.

கையைத் தாழ்த்தினால் சஜி கயிற்றை விட்டுவிடுவான். செல்வமாரி தன் கையை வாயோரத்திலிருந்து இறக்காமல், சொர்ணத்தாயின் கையையே பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தாள்.