இக்ராம் நானாவின் லேசான படகு

படகைக் கொண்டுவந்து கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நஸ்லினுக்கு வந்தது. அடக்கிக்கொள்ளவும் அவள் முயலவில்லை.

பலாங்கொடைக்கு மேலே, தோட்டத்து பஸ் திரும்பும் இடத்தில் இருந்தது, தேயிலைக் கொழுந்தை நிறுத்து வாங்கும் அவளுடைய மடுவம். அவள் நானா என்றழைக்கும் அண்ணன் இக்ராமுக்கு டவுனில் புடவைக் கடை. கடையைச் சிப்பந்திகளிடம் விட்டுவிட்டு, மழை தொடங்கியதிலிருந்து இந்த மடுவத்தின் பாதியை அடைத்துக்கொண்டு பந்தயப் படகு செய்தார். இணையத்தில் வாங்கிய வரைபடம், ஒட்டுப்பலகை, மூக்கை எரிக்கும் பசை. கீழே நீர்த்தேக்கத்தில் விடுதிக்காரர்கள் நடத்தும் பாய்ப்படகுப் போட்டியில் ஜெயித்தே தீருவாராம்.

"முப்பத்தெட்டு கிலோ," என்று முகத்தைச் சுளித்தார் இக்ராம். "இன்னும் ரெண்டு கிலோ கொறையோணும்."

"ராத்திரிக்குச் சோத்தக் கொறைங்க நானா. தானாப் போகும்."

அவர் காதில் விழவில்லை. சுக்கான் பிடியைச் சீவினார். இரண்டு பூச்சு வர்ணம் வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்தினார். சீவ இனிப் பலகையில் ஒன்றும் இல்லை என்றானதும் பார்வை மனிதர்கள் பக்கம் திரும்பியது. தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கும் இந்திரகுமார் ஆரம்பத்திலிருந்தே பலகை வளைக்கக் கூடமாட நின்றவன். ஆள் மலை மாதிரி.

"ஒன்ன ஏத்தினா போட்டு தாழும்டா. ஸமீம் வரட்டும், அவன் லேசு," என்றார் இக்ராம்.

ஸமீம் அவருடைய மச்சினன். ஊதினால் பறப்பான்.

"சரிங்க மொதலாளி," என்றான் இந்திரகுமார். "அப்ப நான் வேற போட்டுல போறேங்க." அன்றே போய் விடுதிக்காரர்களின் கனத்த பழைய படகில் இடம் பிடித்துக்கொண்டான்.

நஸ்லினுக்கு எரிச்சலாக இருந்தது. வரைபடத்தை அவளும் பார்த்திருந்தாள். அதிலேயே இரண்டு பேர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் குந்தி, முதுகு தண்ணீரைத் தொடுமளவுக்கு வெளியே சாய்ந்திருந்தார்கள். பாய் ஒரு பக்கம் தள்ளும்; படகுக்குச் சொந்தக் கனம் கிடையாது; மனித உடம்புதான் மறுபக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். "ஆள் பாரமா இருந்தாத்தான் நானா இது நிக்கும்," என்றாள்.

இக்ராம் அவளுடைய பருத்த உடம்பை மேலும் கீழும் பார்த்தார். "பாரத்தப் பத்தி நீ பேசாத."

போட்டியன்று மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு படகுகள். முதல் ஓட்டத்தில் இக்ராமின் படகு அழகாகத்தான் கிளம்பியது. நஸ்லினே கை தட்டினாள். அடுத்த கணம் பலமாக ஒரு வீச்சு. ஸமீம் விளிம்பில் தொங்கியதற்கும் காக்கை உட்கார்ந்திருந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாய் தண்ணீரில் படுத்தது. நிமிர்த்தினார்கள், மறுபடி படுத்தது. இந்திரகுமாரின் படகு எருமை போல நிதானமாகக் கடந்து போய் முதலில் வந்தது.

"காத்து சரியில்ல," என்றார் இக்ராம், சொட்டச் சொட்டக் கரையேறி.

"மத்த மூணு போட்டுக்கும் வேற காத்தா அடிச்சது?"

ஸமீம் இனி ஏறமாட்டேன் என்று துவாயைப் போர்த்திக்கொண்டு லொறிக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஓர் ஓட்டம் இருந்தது. இக்ராம் கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறினார். பிறகு தங்கச்சியின் முகத்தைப் பாராமல், "நீ ஏறுறியா?" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா... ஒரு பக்கம் பாரத்துக்கு."

"பாரத்துக்குன்னா கொழுந்து மூட்டய வைங்க. 'நஸ்லின், ஒன்ன உட்டா எனக்கு ஏலா'ன்னு செல்லுங்க. ஏறுறன்."

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் அவர் அதைச் சொன்னார். பல் வலிக்காரன் கஞ்சி விழுங்குவதைப் போல.

சல்வாரை இறுக்கி, உயிர்காப்பு அங்கியை மாட்டி, முணுமுணுத்த பெண்களைத் திரும்பிப் பாராமல் ஏறினாள். காற்று அறைந்தபோது படகுக்குள் கட்டியிருந்த பட்டியில் காலை மாட்டி முழு உடம்பையும் வெளியே சாய்த்தாள். படகு நிமிர்ந்தது. அதன் மூக்கு எழும்பியது. தண்ணீரைக் கிழித்துப் போனது மாறி, தண்ணீர் மேல் வழுக்கிப் போயிற்று. பலகைக்கு அடியில் தண்ணீர் நடுங்குவது அவள் இடுப்பில் தெரிந்தது. அவள் வாய்விட்டுக் கத்தினாள். பயத்தில் அல்ல.

முதலாவதாக வந்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து இக்ராம் பேசினார்: "எல்லாம் எடையக் கொறச்சதாலதான்!" தங்கச்சி பெயர் வரவில்லை. கூட்டத்தில் முதலில் சிரித்தவன் இந்திரகுமார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தனக்காகத்தான் என்று நினைத்து இக்ராம் கையசைத்தார்.

நஸ்லின் அங்கே நின்று விவாதிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் லொறியை ஓட்டியபடி சொன்னாள்: "அடுத்த கெழமப் போட்டிக்கும் நான் வாறன். சுக்கான் எனக்கிட்ட. இந்திரகுமார்ட வீட்டுக்கு நீங்களே போய் மன்னிப்புக் கேட்டு அவனக் கூட்டி வாங்க. பாரத்துக்கு அவன் போதும்."

"அப்ப நான்?"

"கரையில நின்டு எடையப் பத்திப் பேசுங்க. அதுக்கு ஒங்கள உட்டா ஆளில்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கையில் ஒரு பெட்டி கேக்கோடு அவர் இந்திரகுமாரின் வீட்டுப் பக்கம் போகும் தோட்டத்து பஸ்ஸில் ஏறியதைச் சந்தியில் பலர் பார்த்தார்கள்.