அளவு நூல்

இடுப்பு முறிந்துவிடும்போல் வலித்தது. விடிந்ததிலிருந்து குனிந்தே கம்பி கட்டியவன், குளிக்கக்கூட நேரமில்லாமல் அரபு நாட்டு கேம்ப் மெஸ் ஹாலில் நின்றுகொண்டிருந்தான் சரவணகுமார். நாற்காலி முன்வரிசையில் மட்டும்தான் கிடந்தது. அது மேனேஜருக்கும் ஆபீஸ்காரர்களுக்கும். செத்தது கம்பி கட்டுகிறவன் என்றாலும் இரங்கல் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் அவர்கள்தான்.

எதிரே பன்னீர்செல்வத்தின் படம். பாஸ்போர்ட் படத்தை ஊதிப் பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தது. மேலே பேனர்: 'ஐந்து வருடம் விடுப்பே எடுக்காத உழைப்பாளி.'

சரவணகுமார் அதை இன்னொரு தரம் படித்தான். அந்த மனுஷன் எடுக்கவில்லையா? கொடுத்தீர்களாடா?

போன வாரம், ஆகஸ்ட் வெயிலில், கூரைத் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த பன்னீர்செல்வம் முறுக்கின கம்பியைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். எழுந்திருக்கவில்லை.

ஆபீஸில் லீவு பேப்பர் பார்க்கும் விஜயபாஸ்கர் பக்கத்தில் வந்தார். திருச்சிக்காரர்.

“நீயும் பன்னீரும் ஒரே ரூம், ஒரே ஜில்லா. நீதான் பேசணும் தம்பி. நாலு நல்ல வார்த்தையா சொல்லு. மேனேஜருக்கு நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்.” குரலைத் தாழ்த்தினார். “உன் லீவு பேப்பர் என் டேபிள்லதான் கிடக்கு. ஞாபகம் இருக்கட்டும்.”

சரவணகுமாருக்குப் பிறந்த மகன் இப்போது நடக்கிறானாம். இவன் பார்த்தது போட்டோவில்தான்.

“பேசிட்டு வாடா,” என்றார் பின்னால் நின்ற சமையல்காரர் மூசா. “புகழ்ந்து பேச காசா பணமா? கம்பெனி செலவுல பிரியாணி ஆக்கியிருக்கேன். ஆறிடப் போவுது.”

சரவணகுமார் முன்னால் போனான். நல்ல வார்த்தைதான் சொல்ல நினைத்தான். பன்னீர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேறென்ன இருக்கிறது?

“பன்னீர் அண்ணன் வெள்ளிக்கிழமை ஆனா போன் கார்டு வாங்கிடுவாரு. பஞ்சவர்ணம் அண்ணிகிட்ட கால் வீக்கம் வத்துச்சான்னு கேப்பாரு. அப்புறம் மகள் அகிலாவைப் பாடம் படிக்கச் சொல்லுவாரு. கார்டு தீர்ற வரைக்கும் அது படிக்கும், இவரு கேப்பாரு. லீவு நெருங்குனா அண்ணி, ஊர்லேர்ந்து வர்ற ஆள் கையில நூல் குடுத்தனுப்பும். அகிலாவோட தோள்லேர்ந்து முட்டி வரைக்கும் அளந்த நூலு. அதைக் கடையில வெச்சுப் பாத்துத்தான் கவுன் வாங்குவாரு. பெட்டி கட்டுவாரு. ஆபீஸ்ல, கான்கிரீட் முடியட்டும், அப்புறம் போலாம்பாங்க. அவரு போறதுக்குள்ள புள்ள வளந்துடும். அந்தக் கவுனை வேற யார் புள்ளைக்காச்சும் குடுத்துட்டு, அடுத்த நூலுக்குக் காத்திருப்பாரு. மூணு தரம் கேட்டாரு. மூணு தரமும் இல்லைன்னீங்க. இப்ப விடுப்பே எடுக்காதவர்னு பேனர் கட்டறீங்களே, வெக்கமா இல்ல?”

விஜயபாஸ்கர் மேனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் இரண்டே வரி சொன்னார். மேனேஜர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார். பிறகு கைதட்டினார்.

கைதட்டல்! சரவணகுமாருக்கு இடுப்பு வலி மறந்துபோனது. லீவும் மகனும்கூட அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. பேனரைக் காட்டி, சைட்டில் எல்லோரும் பேசுகிற இந்தியில் கத்தினான்.

“ஜூட்! பன்னீர் தீன் பார் சுட்டி மாங்கா. ஆபீஸ் நஹி தியா!”

பட்டாணியனுக்கும் வங்காளிக்கும் நேபாளிக்கும் அது புரிந்தது. பொய், மூன்று தரம் லீவு கேட்டான், ஆபீஸ் தரவில்லை. பின்வரிசையில் ஒருத்தன் “சச் ஹை பாய்” என்றான். உண்மைதான் என்று இன்னும் பல குரல்கள் எழுந்தன. தினமும் சைட்டைச் சுற்றுகிற மேனேஜருக்கு அந்த அளவு இந்தி தெரியும். அவர் விஜயபாஸ்கரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கலாஸ்,” முடிந்தது என்று எழுந்து போய்விட்டார்.

பிரியாணியை எல்லோரும் சாப்பிட்டார்கள். பசி.

கை கழுவுகிற இடத்தில் விஜயபாஸ்கர் பிடித்துக்கொண்டார். “பெரிய தலைவர்னு நெனப்பா? உன் லீவு மாஃபி, கிடையாது. அடுத்த வருஷமும் கேட்டுப் பாரு.”

“கேப்பேன் சார். நீங்களும் நூல் வாங்கி வெச்சுக்குங்க, அளந்து அளந்து இல்லைன்னு சொல்ல.”

ரூமுக்கு வந்தான். மகனின் போட்டோவை எடுக்கத் துணியவில்லை. பன்னீர்செல்வத்தின் கட்டில் கம்பியில் மூன்று நூல்கள் முடிச்சிட்டுத் தொங்கின, ஒன்றைவிட ஒன்று நீளமாக. கட்டிலுக்கடியில் கட்டி வைத்த பெட்டியில் கடைசி நூலுக்கு வாங்கிய மஞ்சள் கவுன். நாளைக்கு உடம்பு விமானத்தின் அடிவயிற்றில் சரக்கோடு சரக்காகப் போகிறது. பெட்டியை, ஊருக்குப் போகும் மூசா கொண்டுபோகிறார்.

நூல்களை அவிழ்த்துக் கவுனோடு வைத்தான். கயிற்றை இறுக்கினான். மார்க்கரை எடுத்து, லீவில் போகிறவர்கள் எழுதுகிற மாதிரியே நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் எழுதினான்: ப. அகிலா, அரியலூர் மாவட்டம்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு என்று கையெழுத்துப் போட்டுத்தான் கூட்டிவந்தார்கள். ஐந்து வருஷ வேலைக்குப் பன்னீர்செல்வத்துக்குக் கம்பெனி இன்னும் தர வேண்டியது, இரண்டு லீவு.