எழுப்பியவருக்கு முதல் கோப்பை

பதினோரு நாளாக அந்தக் காலடித் தடங்களைப் பற்றி லியோபா யாரிடமும் மூச்சு விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் முதலில் பார்த்தாள். பள்ளத்துத் திராட்சைத் தோட்டத்தின் உறைபனியில் பெரிய பூட்ஸ் தடம். வேலியோரமாக வந்து, கடைசி வரிசையின் கோடித் தூண்வரை போய், சற்று நேரம் அங்கே நின்று, வந்த வழியே திரும்பியிருந்தது. ஒரு குலைகூடக் குறையவில்லை. பறவைகளுக்காகக் கட்டிய வலைகூட விலகவில்லை. அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் புதிய தடம். அந்தத் தூணில்தான் வெப்பமானி தொங்குகிறது. அந்தத் தூணடியில்தான் போன ஜனவரியில் அவள் கணவன் அலோய்ஸ் விழுந்து கிடந்தான்.

மற்ற தோட்டங்களையெல்லாம் அக்டோபரிலேயே அறுத்தாகிவிட்டது. மோசல் ஆற்றின் குளிரெல்லாம் வந்து தேங்கும் இந்தப் பள்ளத்தில் மட்டும் ஆறு வரிசை ரீஸ்லிங் திராட்சையை ஐஸ் ஒயினுக்காக விட்டுவைத்திருந்தாள். குளிர் மைனஸ் ஏழுக்குக் கீழே இறங்கி, பழம் கொடியிலேயே கல்லாக வேண்டும். கல்லாக இருக்கும்போதே அறுத்து, கல்லாக இருக்கும்போதே பிழிய வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகப் பழத்துக்குள்ளேயே நின்றுகொள்ளும். தேன் போன்ற சாறு மட்டும் சொட்டும். வெயில் பட்டு இளகிவிட்டால் ஐஸ் ஒயின் என்ற பேரும் போச்சு, அந்தச் சாறும் போச்சு. போன வருடம் அலோய்ஸ் பாதியில் விட்ட வேலை இது. இந்த வருடம் முடித்தே தீர வேண்டும் என்று அவள் அவன் கல்லறையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அன்று நடந்தது இவ்வளவுதான். விடியற்காலை நான்கு மணிக்கு அலோய்ஸ், பள்ளத்துக்கு வரச் சொல்லிப் பக்கத்து வீட்டு ஏவால்டுக்குப் போன் செய்தான். ஏவால்டு தன் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "இங்க மைனஸ் அஞ்சுதான் காட்டுது. பேசாம தூங்கு, அலோய்ஸ்" என்றான். அவனுடைய வெப்பமானி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. உள்ளே எரியும் அடுப்பின் சூடு சுவரில் ஏறி நான்கு டிகிரி குளிரைத் தின்றுவிட்டது அவனுக்குத் தெரியவில்லை. தூணில் பார்த்துவிட்டு வந்து லியோபாவை எழுப்பலாம் என்று அலோய்ஸ் தனியாகப் போனான். வெளிச்சம் வந்த பிறகுதான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து லியோபா ஏவால்டுடன் பேசுவதில்லை. கோயிலில் சமாதானம் சொல்லிக் கை நீட்டினால்கூடத் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி ஆறன்று, விடியற்காலை நான்கு மணிக்கு, சமையலறைத் தொலைபேசி அடித்தது.

"மைனஸ் ஒன்பது. எந்திரி, லியோபா."

கம்பளிக்கு அடியிலிருந்து வருவது போன்ற கரகரத்த குரல். அவள் வாய் திறப்பதற்குள் அடங்கிவிட்டது. காதில் காற்றின் இரைச்சல் மட்டும் சிறிது நேரம் கேட்டது; பிறகு அதுவும் இல்லை. உறைபனி விழும் ஒவ்வொரு வருடமும் அலோய்ஸ் அவளை எழுப்புவது இதே வார்த்தைகளால்தான்.

அவள் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு விளக்கைப் போட்டாள். அறுப்புக்கு அழைக்க வேண்டியவர்கள் என்று அலோய்ஸ் கையால் எழுதிய பட்டியல் சுவரில் இருந்தது. தங்கை மகள் மெக்டில்டு, அவள் கணவன், தபால்காரர் கிஸ்பெர்ட், பாடகர் குழுவின் இரண்டு சகோதரிகள் என்று ஒவ்வொருவராக அழைத்தாள். கடைசிப் பெயர் ஏவால்டு. விரல் அதன்மேல் நின்றது. பிறகு விலகிவிட்டது.

ஐந்து மணிக்கு எல்லோரும் நெற்றி விளக்கோடு வரிசைகளில் இருந்தார்கள். பழங்கள் வாளியில் கோலிக்குண்டு போலக் கணகணவென்று விழுந்தன.

"லியோபா, என் மூக்கு உடைஞ்சு விழுந்துச்சுன்னா வாளியில தேடு. பிழிஞ்சு தொலைச்சிடாதே" என்றார் கிஸ்பெர்ட்.

"உங்க மூக்கையா? வெள்ளை ஒயின் சிவப்பாயிடுமே!" என்றாள் மெக்டில்டு.

எட்டு மணிக்கு ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து சிரிப்பை விழுங்கிவிட்டது. இன்னும் ஒன்றரை வரிசை மிச்சம். எட்டேமுக்காலுக்கு மலைக்கு மேலே சூரியன் வந்துவிடும். ஆள் போதாது. கடைசி வரிசையில் லியோபா தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

கொடிக்கு மறுபக்கத்தில் 'சடக்' என்று கத்தரி ஒலித்தது.

அவள் நிறுத்தினாள். அதுவும் நின்றது. அவள் அறுத்தாள். அதுவும் அறுத்தது. எல்லோரையும் எண்ணிப் பார்த்தாள். ஐந்து விளக்குகளும் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தன. எதிரே விளக்கு இல்லை. காய்ந்த இலைகளுக்கு நடுவே உயரமாக ஒரு நிழல். அந்தக் குளிரில் எல்லோர் வாயிலிருந்தும் புகை போல மூச்சு எழுந்தது. அந்த நிழலிடமிருந்து எழவில்லை.

இறந்தவர்களுக்கான செபத்தின் முதல் பாதியை முணுமுணுத்தாள். மறுபக்கத்திலிருந்து, கம்பளிக்குள் அமுங்கிய குரலில், இரண்டாம் பாதி வந்தது.

விளக்கைக் கழற்றி உயர்த்தினாள். கண்வரை சால்வை சுற்றிய ஏவால்டு.

"வெளிச்சத்த எறக்கு லியோபா. கண்ணு கூசுது."

"எப்பலேர்ந்து இங்க நிக்கிற?"

"அஞ்சுலேர்ந்து அறுக்குறேன். நீ பாத்தா தொரத்துவியோன்னுதான் வெளக்கு கொண்டாரல."

"அப்ப அந்தத் தடம்?"

"நான்தான். என் வீட்டு வெப்பமானிய நான் இப்ப நம்புறதில்ல. தெனமும் இதத்தான் வந்து பாக்குறேன். குளிர் எறங்கினா யார்கிட்டயாச்சும் சொல்லி உனக்குச் சொல்லச் சொல்லலாம்னு."

"அன்னைக்கு மட்டும் நீ வந்திருந்தா..."

"தெரியும்."

அவன் ஓடிப்போகவில்லை. அவனுடைய கையுறை விரல் நுனியில் கிழிந்திருந்தது; வெளியே தெரிந்த விரல் நீலம் பாரித்திருந்தது. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் லியோபாவின் தொண்டைவரை வந்தன. ஆனால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே அவற்றைச் சொல்ல அவளால் முடியவில்லை. மேலங்கிப் பையில் அலோய்ஸின் கையுறைகள் இருந்தன. கொடி படர்ந்த கம்பிகளுக்கு மேலாக நீட்டினாள்.

"மாட்டிக்க. வெயில் வருது. பேசாம அறு."

எட்டு மணி நாற்பது நிமிடத்துக்குக் கடைசிக் குலை வாளியில் விழுந்தது. தூணில் மைனஸ் ஏழரை.

பிழியும் கொட்டகையில் இரும்புப் பொறி முனகியது. உள்ளே பழங்கள் கண்ணாடி போல நொறுங்கின. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. நூலாக, பொன்னிறமாக இறங்கத் தொடங்கியது.

குளிர் இறங்கியதைச் சொல்லி எழுப்பியவருக்கே முதல் கோப்பை என்பது அந்த வீட்டு வழக்கம். இருபத்தாறு வருடமாக அது அலோய்ஸுக்குத்தான் போயிருந்தது. லியோபா சின்னக் கோப்பையில் பிடித்து ஏவால்டிடம் கொடுத்தாள்.

"குடி. நீதானே போன் பண்ணி எழுப்பின."

ஏவால்டு கையை நீட்டவில்லை. "நானா? நான் எங்க போன் பண்ணேன்?"

"நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு நான் தூணுகிட்ட நின்னேன். ஒன்பதுன்னு காட்டுச்சு. உன்ன எப்பிடி எழுப்புறதுன்னு தெரியாம முழிச்சுட்டு நின்னேன். அப்பத்தான் உன் சமையலறையில வெளக்கு எரிஞ்சுச்சு."

லியோபா கிஸ்பெர்ட்டைப் பார்த்தாள். "என்ன எதுக்குப் பாக்குற? என்னையே நீதானே எழுப்பின" என்றார் அவர். மெக்டில்டு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள்.

"பாதியக் குடி. பாதிய வை" என்றாள் லியோபா.

ஏவால்டு தொப்பியைக் கழற்றிவிட்டுக் குடித்தான். இனிப்பு நாக்கை மூடியது. உடனே புளிப்பு வந்து அதைக் கத்தி போலக் கீறியது. அவன் கண்ணில் நீர் வந்தது.

மிச்சத்தோடு அவள் பள்ளத்துக்குத் தனியாகப் போனாள். தூணைச் சுற்றிலும் பனி மிதிபட்டுக் கிடந்தது. எது யாருடைய தடம் என்று தெரியவில்லை. வெயில் மெல்ல வந்து தூணைத் தொட்டது. கோப்பையைச் சாய்த்தாள். பொன்னிறச் சாறு பனியில் சிறு துளை போட்டு உள்ளே போய் மறைந்தது.

"எந்திரிச்சுட்டேன், அலோய்ஸ்" என்றாள். "ஏவால்டும் வந்துட்டான். இனி நீ தூங்கு."

திரும்பி வீட்டுக்குள் வந்ததும் சுவரிலிருந்த பட்டியலின் முன்னால் நின்றாள். பென்சிலை எடுத்து, கடைசியில் இருந்த பெயரை முதலிலும் ஒரு தரம் எழுதினாள்.